“நல்ல கதைப் புத்தகமா ஒன்னு குடுங்க”: நூலகத்தில் புத்தகம் பரிந்துரைக்கக் கற்பது எப்படி?

ஜொகூர் பாரு – “நல்ல கதைப் புத்தகமா ஒன்னு குடுங்கம்மா.”

தமிழ் நூல்கள் உள்ள எந்த நூலகத்திலும், தமிழ்ப்பள்ளி வள மையத்திலும் கவுண்டரில் அமர்ந்திருப்பவரின் காதில் அடிக்கடி விழும் வேண்டுகோள் இது. கேட்பவர், குளுவாங் பக்கம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற தாத்தாவாக இருக்கலாம். மாசாய் தாமான் ஒன்றில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்காரர் அதிகாலையில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபின் கிடைக்கும் ஓய்வில் படிக்கும் அக்காவாக இருக்கலாம். ஆசிரியர் சொன்னதற்காக வந்து நிற்கும் நான்காம் படிவ மாணவனாகவும் இருக்கலாம்.

மூவரும் ‘நல்ல’ என்றுதான் கேட்கிறார்கள். தாத்தாவுக்கு நல்ல புத்தகம் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். தெரிந்த வாழ்க்கையாகவும் இருக்க வேண்டும். அக்காவுக்கு, குடும்பத்தில் எத்தனை சண்டை வந்தாலும் கடைசியில் எல்லாரும் ஒன்று சேர வேண்டும். மாணவனுக்குப் புத்தகம் மெல்லியதாக இருந்தால் போதும்.

கவுண்டரில் இருப்பவர் தமக்குப் பிடித்த நாவலை எடுத்து மூவருக்கும் நீட்டினால், ஒருவருக்காவது அது பொருந்தாமல் போகும். அவர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒன்றும் சொல்லமாட்டார். “நல்லா இருந்துச்சுங்க” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மாதம் வரமாட்டார்.

அவர் வராமல் போவதன் விளைவு அவரோடு நிற்பதில்லை. பொது நூலகங்களில் மலாய், ஆங்கில, சீன நூல்களோடு ஒப்பிட்டால் தமிழ் அலமாரி சிறியது. உலகெங்கும் பொது நூலகங்கள் நீண்ட காலம் இரவல் போகாத நூல்களைக் கணக்கெடுத்து, இடம் போதாதபோது கழிக்கின்றன. புதிய நூல் வாங்கும்போதும் இரவல் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். இது எந்த மொழிக்கும் எதிரான செயல் அல்ல. நூலக நிர்வாகத்தின் வழக்கமான வேலைதான். ஆனால் ஏற்கெனவே சிறியதாக உள்ள அலமாரி இதனால் இன்னும் வேகமாகச் சுருங்கும். ஆகவே ஒரு தமிழ் வாசகருக்குச் சரியான புத்தகம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த அலமாரியின் ஆயுளைப் பொறுத்த விஷயம்.

தோட்டத்தில் இருந்த வழக்கம்

புத்தகம் பரிந்துரைப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. கோயில் பக்கத்திலோ மன்றக் கட்டடத்திலோ இருந்த படிப்பகத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனையும், 1935-இல் சிங்கப்பூரில் பிறந்த தமிழ் முரசையும் பல தோட்டத்துக் குடும்பங்கள் முதலில் காதால்தான் அறிந்தன. இளைஞர் மணிமன்றங்கள் சேர்த்துவைத்த புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போனாலும், எந்த வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது அவற்றைப் பார்த்துக்கொண்டவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் ஒரே லயத்தில் இருந்தார்கள். பரிந்துரைக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் கூலாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் என்று தாமான்களுக்குப் பிரிந்து போனார்கள். இப்போது நூலகத்துக்கு வருபவர் யார், எந்த ஊர், முன்பு என்ன படித்தார் என்பதெல்லாம் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. அன்று பழக்கத்தால் தெரிந்ததை இன்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் சொல்லாத செய்தி

அலமாரியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் முதல் தடங்கல். பெரும்பாலான பொது நூலகங்கள் பின்பற்றும் டூயி தசம வகைப்பாடு 1876-இல் அமெரிக்காவில் வெளியானது. அதன்படி தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811. தமிழ்ப் புனைகதை என்றால் 894.8113.

கல்கியும் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் சுஜாதாவும் இந்த ஒரே எண்ணின் கீழ் எழுத்தாளர் பெயர் வரிசையில் நிற்பார்கள். எது துப்பறியும் கதை, எது குடும்பக் கதை, எது பேய்க் கதை, எது தோட்டத்து வாழ்க்கை என்று முதுகில் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆங்கில நாவல்களுக்கு, ‘இதைப் படித்தவருக்கு இது பிடிக்கும்’ என்று காட்டும் நாவலிஸ்ட் போன்ற தரவுத்தளங்கள் 1990-களிலிருந்தே உள்ளன. தமிழ் அலமாரிக்கு அவை கைகொடுப்பதில்லை. பணியாளரின் தலையும் கையிலுள்ள குறிப்பேடும்தான் தரவுத்தளம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல நூலகங்களின் கணினிப் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. ‘பால்மரக் காட்டினிலே’ என்பதைத் தேட ‘பா’வுக்கு ஒரு ஏ போடுவதா இரண்டு போடுவதா, ‘ட்டி’க்கு டீ போடுவதா டி போடுவதா என்று தெரியாமல், இருக்கும் புத்தகத்தையே “இல்லீங்க” என்று சொல்லி அனுப்புவது நடக்கக்கூடியதே. பழகியவர்கள் தலைப்பை விட்டு எழுத்தாளர் பெயரில் தேடுவார்கள். அதுவும் வராவிட்டால் எழுந்துபோய் அலமாரியில் பார்ப்பார்கள். கடைசி வழிதான் பெரும்பாலும் வெல்கிறது.

சீர்காழிக் கணித ஆசிரியர்

வாசகரையும் புத்தகத்தையும் சேர்த்துவைப்பதே நூலகரின் வேலை என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். யாரும் எட்டிப்பார்க்காத நூலகத்தின் தனிமை தாங்காமல், பழைய ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிட விரும்பினார் என்பது பலரும் அறியாத செய்தி. பிறகு இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர், அங்கே பொது நூலகங்களில் எல்லாத் தரப்பு மக்களும் வந்து போவதைக் கண்டு மனம் மாறித் திரும்பினார்.

1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளைச் சுருக்கிச் சொன்னால்: நூல்கள் பயன்படுத்துவதற்கே, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். மூன்றாவது விதிதான் பரிந்துரைக்கு அடிப்படை. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவரைத் தேடுவது பணியாளர் பொறுப்பு. அதே 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் இவரே. இந்தியாவில் ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுவது இவர் நினைவாகத்தான்.

என்ன கேட்பது?

“உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் பெரும்பாலானோர் திகைத்துப்போவார்கள். தம் ரசனைக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் சிலரே. அமெரிக்காவில் ஜாய்ஸ் சாரிக்ஸ் என்ற நூலகர், தம் சக பணியாளர் நான்சி பிரவுனுடன் சேர்ந்து 1989-இல் எழுதிய கையேடு இதற்கு வேறொரு வழியைக் காட்டியது. ஏற்கெனவே ரசித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசவைத்து, அதில் அவரை இழுத்தது எது என்று கவனிப்பதே அந்த வழி. கதையின் வேகமா, அதில் வரும் மனிதர்களா, நடக்கும் இடமும் காலமுமா, சொல்லப்படும் விதமா? சியாட்டல் நகர நூலகரான நான்சி பெர்ல் இதை இன்னும் எளிமையாக்கி, ஒரு புத்தகத்துக்குள் நுழையக் கதை, மாந்தர், இடம், மொழி என நான்கு வாசல்கள் இருப்பதாகச் சொன்னார்.

நம் ஊர்ப் பேச்சில் அது இப்படி நடக்கும்:

“அம்மா, கடைசியா எந்தக் கதையைக் கீழ வைக்க மனசு வராம படிச்சீங்க?”

“பேரு ஞாபகம் இல்லம்மா. ஒரு மாமியார், மருமகள். மாமியார் கடைசியில மருமகளுக்காகப் பேசுவாங்க.”

“அதுல எது ரொம்பப் புடிச்சுச்சு?”

“அந்த மாமியார்தான். ஆரம்பத்துல அவ்வளவு கொடுமை பண்ணவங்க, எப்படி மாறுனாங்கன்னு.”

இந்த அம்மாவுக்கு வேண்டியது ‘குடும்ப நாவல்’ என்று எழுதிக்கொண்டால் பாதி கோட்டை விட்டதாகும். அவரைப் பிடித்தது மனம் மாறும் ஒரு மனுஷி. அப்படி ஒருவர் வரும் சமூக நாவலோ, வாழ்க்கை வரலாறோகூட அவருக்குப் பிடிக்கும். வகையைத் தாண்டிப் பரிந்துரைப்பது என்பதன் பொருள் இவ்வளவுதான்.

சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும்கூட நல்ல தொடக்கம். புத்தகமே படித்ததில்லை என்பவரிடம் பிடித்த தொடரைக் கேட்டால் தாராளமாகப் பேசுவார்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு

துப்பறியும் கதை வாசகரை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரைப் படிப்பவர்களில் மூத்தவர்கள் பலர், இளமையில் தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கியவர்கள். இவர்களுக்குச் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளைத் தருவது சிரமமில்லை. அவற்றில் ‘கொலையுதிர் காலம்’ பேயா விஞ்ஞானமா என்ற குழப்பத்திலேயே வாசகரை நிறுத்திவைப்பது. அதனால் அது இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. பேய்க்காக ரசித்தவருக்கு இந்திரா சௌந்தர்ராஜன். விஞ்ஞானத்துக்காக ரசித்தவருக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் ‘என் இனிய இயந்திரா’. வசந்தின் குறும்புப் பேச்சுக்காகச் சிரித்தவரா? தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ இருக்கிறது.

சரித்திர நாவல் வாசகர்கள் ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022-இலும் 2023-இலும் வந்தபின் மீண்டும் பெருகினார்கள். ஐந்து பாகம் முடித்ததும் “அடுத்து என்ன?” என்பார்கள். வழக்கமான பதில் சாண்டில்யன். அதிலும் ‘கடல் புறா’வைச் சொன்னால் கதை கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து பூஜாங் பள்ளத்தாக்குப் பற்றிய வரலாற்று நூலுக்குப் போகலாம். இன்னொரு வழி, ராஜேந்திர சோழனைப் பற்றி அகிலன் எழுதி 1963-இல் சாகித்திய அகாடமி விருது பெற்ற ‘வேங்கையின் மைந்தன்’. அதே அகிலன்தான் மலேசியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். எழுத்தாளர் மேல் வந்த நம்பிக்கையில், அரண்மனையை விட்டு வெளியே வராத வாசகரும் ரப்பர்க் காட்டுக்குள் நடந்துவிடுவார்.

ரமணிசந்திரனை விரும்புவோருக்கு லட்சுமி, சிவசங்கரி, பிறகு ராஜம் கிருஷ்ணன் என்று ஒரு பாதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த லட்சுமியின் எழுத்தில் கடல் கடந்த குடும்பங்களும் வரும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் கதை. முதல் நாளே அதைத் தந்தால் ஓடிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் தரலாம். பரிந்துரையில் பொறுமைக்கும் இடமுண்டு.

தாத்தாவுக்கு எந்தப் புத்தகம்?

தோட்டத்திலிருந்து வந்த மூத்த வாசகருக்குப் பரிந்துரைப்பதுதான் இருப்பதிலேயே கவனம் தேவைப்படும் வேலை. “தோட்டத்துக் கதையா இருந்தா குடுங்க” என்று கேட்பார். உடனே மனதில் வருவது சயாம் மரண ரயில். 1942-இலிருந்து 1943 வரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த, ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஜொகூரின் பழைய தோட்டக் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது எழுந்திருக்கும்.

இந்த ஒரே நிகழ்வுக்கு எத்தனை வகைப் புத்தகங்கள் உள்ளன என்று பார்த்தால், பரிந்துரை என்றால் என்ன என்பதே விளங்கிவிடும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இன்னொரு நாவல். நடந்ததைக் கதையாக வேண்டாம், உள்ளபடி வேண்டும் என்பவருக்குச் சீ. அருண் தொகுத்தெழுதிய வரலாற்று நூல் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால், 2014-இல் புக்கர் பரிசு பெற்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகனின் நாவல் உள்ளது. அவருடைய தந்தையே அந்தப் பாதையில் உழைத்த போர்க் கைதி. எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதியின் தன்வரலாறும் உண்டு. அவை வெள்ளைக்காரக் கைதிகளின் கண்ணால் பார்த்தவை என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. தாத்தா தமிழில் ஒன்றும், பேத்தி ஆங்கிலத்தில் ஒன்றும் எடுத்துப்போய் வீட்டில் பேசிக்கொண்டால், ஒரு புத்தகம் தனியாகச் செய்ய முடியாததை இரண்டும் சேர்ந்து செய்யும்.

ஆனால் தாத்தாவுக்கு அது வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். அவருடைய அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பாதவராக இருக்கலாம். சிலர் அதையே தேடி வருவார்கள். சிலருக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். “ஐயா, இது சயாம் ரயில் பத்தி. சாவு நிறைய வரும். பரவாயில்லையா?” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் முடிவு அவர் கையில். மலேசிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ அருமையான நாவல். புற்றுநோய் கண்ட முதியவரைப் பற்றியது. மருத்துவமனைக்குப் போய்வந்து கொண்டிருப்பவருக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது தவறு. சொல்லிக் கொடுத்தால், அவரே விரும்பி வாங்கிப் போகவும்கூடும்.

சாவும் போரும் வேண்டாம், வேலையும் வாழ்க்கையும் போதும் என்றால் வேறு தோட்டங்கள் இருக்கின்றன. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நம் தோட்டத்து நாவல். இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப் எழுதிய ‘காலங்கள் சாவதில்லை’ தேயிலைத் தோட்டத்துக் கதை. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியிருக்கிறார். ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையானது. ஆனால் அது நெஞ்சைக் கனக்கவைக்கும் புத்தகம், எச்சரிக்கை தேவை. லயம், பெரட்டு, கங்காணி என்று தாம் அறிந்த வாழ்க்கை வேறொரு நாட்டில், வேறொரு செடியோடு நடந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த மூத்த வாசகருக்கு ஏற்படும் வியப்பு தனி.

உள்ளூர் எழுத்தை மறக்கக் கூடாது. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுத்தெழுதிய மா. இராமையா ஜொகூர் தங்காக்கில் வாழ்ந்தவர். “இவர் நம்ம தங்காக்குங்க” என்ற ஒரு வரி, பத்து வரிப் புகழுரையைவிட வேகமாகப் புத்தகத்தைக் கையில் எடுக்கவைக்கும்.

தமக்குப் பிடிக்காததையும் படிப்பது

நூலகவியலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வருபவருக்கும் சரி, வள மையப் பொறுப்பு தலையில் விழுந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் சரி, தங்கள் சொந்த ரசனைதான் பெரிய தடை. இலக்கிய வாசகர் மாத நாவலைத் தொடமாட்டார். மாத நாவல் வாசகர் சிறுகதைத் தொகுப்பைப் பிரிக்கமாட்டார். எல்லாவற்றையும் படித்துத் தீர்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மாதத்துக்கு ஒரு வகை என்று வைத்துக்கொண்டு, அந்த வகையில் அதிகம் இரவல் போகும் ஒரு நூலை முழுதாகப் படித்தால் ஓர் ஆண்டில் பன்னிரண்டு வகைகள் பிடிபடும்.

மற்றவற்றைப் பத்து நிமிடத்தில் பார்க்கலாம். பின்னட்டை, முதல் நான்கு பக்கம், நடுவில் இரண்டு பக்கம். உரையாடல் அதிகமா வருணனை அதிகமா, அத்தியாயம் சிறியதா பெரியதா, எழுத்து எவ்வளவு பெரிது, சோகமா சிரிப்பா, குழந்தைகள் கையில் போகலாமா? குறிப்பேட்டில் ஐந்து வரி. கடைசி வரியாக, ‘இது யாருக்குப் பிடிக்கும்?’

படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் சொல்ல வேண்டியதில்லை. “நான் படிக்கலைங்க, ஆனா சரித்திரக் கதை எடுக்கறவங்க இதைத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க” என்றால் வாசகர் நம்புவார். ஏமாற்றினால் ஒரே தடவைதான் முடியும்.

இன்னொன்று, முகக் குறிப்பு. ஜோதிடப் புத்தகமும் மாத நாவலும் எடுத்து வருபவரைப் பார்த்து “இதையெல்லாமா படிக்கிறீங்க?” என்று ஒரு புருவம் உயர்ந்தாலே போதும், அவர் அதோடு நிறுத்திவிடுவார். அமெரிக்காவில் 1982-இல் வகைமை இலக்கியத்துக்கென்றே வழிகாட்டி வெளியிட்ட பெட்டி ரோசன்பெர்க், தம் வாசிப்பு ரசனைக்காக யாரும் வெட்கப்பட வேண்டாம் என்பதையே முதல் விதியாக வைத்தார்.

நம் சமூகத்தில் இதோடு சேர்ந்து வரும் ஆபத்து, ஊர்ப் பேச்சு. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். “உங்க மருமக கூட விவாகரத்துச் சட்டம் பத்தி ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போச்சே” என்று பேச்சுவாக்கில் சொன்னால் ஒரு வீட்டில் சண்டை. நூலகத்துக்கு ஒரு வாசகர் குறைவு. யார் எதை எடுத்தார் என்பது கவுண்டரைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கம், மனச்சோர்வு, கடன் பற்றிய நூல்களைக் கேட்பவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரிந்திருப்பதும் பரிந்துரைக் கல்வியின் பகுதிதான்.

மெல்லிய புத்தகம் கேட்ட மாணவன்

பள்ளிகளில் நிலாம் வாசிப்புத் திட்டம் 1990-களின் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. படித்த நூலைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், பதிவுக்காகவே மிக மெல்லிய புத்தகத்தைத் தேடும் மாணவர்கள் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. மெல்லியதிலேயே நல்லதைத் தரலாம். ஒரு சிறுகதைத் தொகுப்பை நீட்டி, “தம்பி, இதுல மூணாவது கதையை மட்டும் படி, எட்டுப் பக்கம்தான்” என்றால் படிப்பான்.

ஜப்பானிய மங்கா படிக்கும் பையனுக்குத் தமிழ்ச் சித்திரக் கதைகள் இருப்பதே தெரிந்திருக்காது. இரும்புக்கை மாயாவியை அவனுக்குக் காட்டினால், அவன் அப்பாவே பின்னால் வந்து எட்டிப்பார்ப்பார். பேய்க் கதை கேட்கும் பிள்ளைக்குக் கே. பாலமுருகனின் சிறுவர் மர்ம நாவல்கள் நம் நாட்டிலேயே எழுதப்பட்டவை.

தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் விட்டுவிட முடியாது. தேசியப் பள்ளிக்குப் போனதால் தமிழ் வாசிக்கத் தெரியாத இளையோருக்குக் கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலைத் தரலாம். அது மலேசிய இந்தியச் சிறுவன் வளரும் கதை. புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் தன் வீட்டுச் சாயல் அதில் தெரிந்தால், அடுத்ததைக் கேட்டு வருவான்.

அலமாரியில் இல்லாதபோது

கேட்ட நூல் கிளையில் இல்லை என்பதோடு பேச்சு முடிய வேண்டியதில்லை. பிற கிளைகளிலிருந்து வரவழைக்க முடியுமா என்று விசாரிக்கலாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கை நூல்களுக்கு நூலகம் என்ற இணையத்தளம் இருக்கிறது. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொடங்கி எத்தனையோ உள்ளன. பக்கத்துச் சிங்கப்பூரில் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவமாக்கும் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 2015-இல் நிறைவேறியது. கண் மங்கிய தாத்தாவுக்குக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கக் காட்டிக் கொடுப்பதும், ஒலிநூலைப் போட்டுக் கொடுப்பதும் நூலக வேலையே. தோட்டத்துப் படிப்பகத்தில் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பிடிக்காமல் போனால்

எத்தனை கவனமாகக் கேட்டாலும் பரிந்துரை தவறும். அதற்காக ஒன்றுக்கு மூன்றாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு: கேட்டதுபோலவே ஒன்று, கொஞ்சம் விலகி ஒன்று, முற்றிலும் வேறு வகையில் ஒன்று. வாசகர் வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்த்துத் தாமே தேர்ந்துகொள்வார். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்சி பெர்ல் சொன்ன கணக்கு சுவையானது. ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கட்டும். அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயது தாத்தாவுக்கு முப்பது பக்கம்.

புத்தகம் திரும்பி வரும்போது “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். “எதுவரைக்கும் படிச்சீங்க தாத்தா?” என்று கேட்டால் பேச்சு தொடங்கும். இருபதாம் பக்கத்தில் நிறுத்தியிருப்பார். ஏன் என்றால், “அதுல பேரு நெறைய வருதும்மா, யாரு யாருன்னே தெரியல” என்பார். குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டு, ஆட்கள் குறைவாக வரும் புத்தகம் ஒன்றைத் தேட அலமாரிப் பக்கம் எழுந்துபோக வேண்டியதுதான்.